ஆறு மணி ஏப்பம்

தூறல்மட்டத்தில் ஆறு வருஷமாக ஊர் மாவையெல்லாம் பொங்கவைத்துக்கொண்டிருந்தது பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் தவசிக்கனி அண்ணாச்சியின் ஏப்பம்தான் என்பது அங்கே தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆன டாக்டர் எழிலரசிக்கு மட்டும் தெரியாது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டிய மலையில், ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கிற குளிரில், தேங்காயெண்ணெய் வருஷத்தில் பத்து மாதம் கட்டியாகவே கிடக்கிற ஊரில், இட்லி மட்டும் எப்படி இத்தனை மிருதுவாக வருகிறது என்று அவள் தினமும் காலையில் ஆச்சரியப்பட்டாள், ஆச்சரியப்பட்டுக்கொண்டே ஐந்து சாப்பிட்டாள், ஆனால் யாரையும் கேட்கவில்லை. நல்ல இட்லி கிடைக்கிற இடத்தில் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற அளவுக்குக் கும்பகோணத்துப் பக்கத்துப் பெண்ணான அவளுக்கு விவரம் இருந்தது.

அண்ணாச்சிக்கு முன்னால் அந்த ஊர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அங்கே மாவு புளிக்காது. திங்கட்கிழமை அரைத்து வைத்தது வியாழக்கிழமையும் திங்கட்கிழமை மாவாகவே இருக்கும். பானையைக் கம்பளியில் சுற்றிப் பார்த்தார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், கைக்குழந்தையோடு சேர்த்துத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கூடப் பார்த்தார்கள், குழந்தைதான் தூங்கியது. பிறகு ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம், தவசிக்கனி டியூட்டி முடிந்து வந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போன இடத்தில், அடிவயிற்றில் புறப்பட்டு நெஞ்சைக் கரித்துக்கொண்டு வந்த ஒரு புளித்த ஏப்பத்தை அடக்க முடியாமல் விட்டுவிட்டார். மூன்று நாளாக அசையாமல் கிடந்த மாவு பானை மூடியை மெல்லத் தூக்கிக்கொண்டு எழுந்தது, விளிம்பைத் தாண்டியது, மேடையிலிருந்து இறங்கி வாசல்வரை நடந்து, அடுத்த வீட்டுப் படியில் ஏறப் பார்த்தது. அவர் சம்சாரம் பொன்னுத்தாய் கரண்டியோடு பின்னாலேயே ஓடி வழித்துக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் பைய விடப்புடாதா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அவள் சுட்ட இட்லியைத் தின்ற அடுத்த வீட்டுக்காரி மறுநாள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அதற்கு மறுநாள் அந்த லைன் வீடு அத்தனையும் வந்தன, ஒரு மாதத்துக்குள் ஊரே வந்துவிட்டது. ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

கேட்கப்பட்டவர் டைம்கீப்பர் ஆயிற்றே. பஸ் நேரம் எழுதுகிற கரும்பலகையிலேயே கீழே ஒரு கோடு கிழித்து, திங்கள் மாதா கோயில் லைன், செவ்வாய் பள்ளிவாசல் தெரு, புதன் மாரியம்மன் லைன், வியாழன் பாக்டரி ரோடு என்று எழுதிப் போட்டுவிட்டார். எல்லா இடத்துக்கும் சாயங்காலம் ஆறு மணி. ஒரு ஏப்பம் ஏழு வீட்டுக்குப் பாயும், எதிர்க்காற்று அடித்தால் ஐந்து. தவக்காலத்தில் இட்லி மாவுக்கு விடலாம், ஆப்ப மாவு ஆடம்பரம் என்று பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தெளிவுபடுத்தினார். பேக்கரிக்காரர் பன்னுக்கும் ஆகுமா என்று ஒருதரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். பன் கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டதால் அதோடு விட்டுவிட்டார். டீக்கடை ஹம்சாக்கா மட்டும் அண்ணாச்சி தலை தெரிந்தால் பால் சட்டியை மூடிவிட்டு, கடுங்காப்பியை நீளமான மரத்தட்டில் வைத்துத் தெருவுக்கே தள்ளிவிடுவார். அதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

ஏப்பம் நன்றாக வர வேண்டுமே என்று முறை வரும் தெருவில் பெண்கள் நாலு மணிக்கே எண்ணெய்ச் சட்டியை வைத்துவிடுவார்கள். மிளகாய் பஜ்ஜி, வெங்காயப் பக்கோடா, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. "இன்னும் ஒண்ணு அண்ணாச்சி, எங்க பானை கடைசிப் பானை" என்று அவர் கையில் திணிப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியபோது பேரைக்கூடக் கேட்காத ஊர், இப்போது அவர் தெருவில் நுழைந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டது. அவருக்கு நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது, மனசு குளிர்ந்துகொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சுகாதார நிலையத்து வரிசையில் வந்து நின்றார்.

"என்ன தொந்தரவு?" என்றாள் சீட்டு எழுதுகிற சிஸ்டர் ஜெசிந்தா.

அண்ணாச்சி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "வயித்தெரிச்சல்."

"யாரு மேல?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் காக்கிச் சட்டையின் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, டாக்டர் எழிலரசியின் முன்னால் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். விஷயம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. அவருடைய சகலை கோவில்பட்டியில் மாடி வைத்து வீடு கட்டி, பால் காய்ச்சிய அன்றைக்குப் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாள்தான் அவருக்கு முதன்முதலாக எரிய ஆரம்பித்தது. "வயிறு எரியுதுட்டி" என்று பொன்னுத்தாயிடம் சொன்னார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. தங்கச்சி வீட்டைப் பார்த்து இவருக்கு வயிறு எரிகிறதாமே என்று அவள் பூசணிக்காய் உடைத்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள், அவரை மறுபடி கோவில்பட்டிக்கு அழைத்துப்போய்ச் சகலை வீட்டுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுக்கவைத்தாள். எரிச்சல் போகவில்லை. போகாததால் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பொறாமை பிடித்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று ஆறு வருஷம் தள்ளிவிட்டார்.

எழிலரசி சிரிக்காமல் கேட்டாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தாள், இதயம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. "எப்பெப்ப எரியுது அண்ணாச்சி?"

அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் படித்தார். "ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு ஏறுதும்மா. அடுத்தது ரெண்டு பத்துக்கு. விடியக்காலம் நாலரைக்கு ஒண்ணு, அது சில நாள் லேட்டு." ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு ஏறியது, இறங்கியது என்று இரண்டு பத்தி பிரித்திருந்தார். மலையில் ஏறுகிற வண்டிக்கும் இறங்குகிற வண்டிக்கும் அவர் எழுதுகிற முறை அது.

அதைப் பார்த்ததும் எழிலரசிக்குச் சொல்ல வழி கிடைத்துவிட்டது. "தொண்டையிலேர்ந்து இரைப்பைக்கு ஒரு மலைப்பாதை இருக்கு அண்ணாச்சி. இறங்குற வண்டி மட்டும்தான் போகணும். அடிவாரத்துல ஒரு செக்போஸ்ட் இருக்கு. சாப்பாடு வந்தா கேட்டைத் தூக்கணும், போனதும் மூடணும். உங்க செக்போஸ்ட்டுல ஆள் தூங்கிட்டான். கீழ இருக்க வேண்டிய புளிப்புத் தண்ணி திறந்த கேட்டு வழியா மேல ஏறி வருது. அவ்வளவுதான். இதுக்குப் பேரு நெஞ்செரிச்சல். வயித்தெரிச்சல் இல்ல."

அண்ணாச்சி அவளையே பார்த்தார். "அப்ப நான் வயித்தெரிச்சல் புடிச்சவன் இல்லியா தாயி?"

"இல்லவே இல்ல."

"சகலை வீட்டப் பாத்து எனக்குச் சந்தோசம்தாம்மா. மாடிப்படியில கைப்பிடிகூடத் தேக்குல போட்டிருந்தான். நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலக்கத்தில் ஒரு ஏப்பமும் வந்தது. மேஜைமேல் எழிலரசி குடிக்காமல் வைத்திருந்த டீ, தம்ளருக்குள் ஒரு குலுங்கு குலுங்கி, கெட்டித் தயிராக நின்றது.

"அது அப்படித்தான் டாக்டர்" என்று ஜெசிந்தா வந்து தம்ளரை எடுத்தாள். "ஊர் மாவு பூரா இவரோடதுதான். நீங்க காலையில சாப்பிட்ட இட்லிகூட." எழிலரசி தயிரை ஒரு பார்வை பார்த்தாள், காலையில் சாப்பிட்ட ஐந்தை நினைத்தாள், சீட்டில் 'ஏப்பம்: வலுவானது' என்று எழுதிக்கொண்டாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். சோறு தொண்டையில், நெஞ்சில் எங்கேயாவது சிக்குகிறதா, உடம்பு இளைத்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, வாந்தியில் ரத்தம் உண்டா. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார். அவள் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, தினமும் காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி ஒன்று, பஜ்ஜி கூடாது, காப்பியைக் குறைக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிக்க வேண்டும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் இரண்டு நாள் ஒழுங்காக மாத்திரை போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயில் லைனில் நின்று, தொண்டையைச் செருமி, வயிற்றைத் தடவி, எக்கி எக்கிப் பார்த்தும், குருவி கத்தினாற்போல ஒரு சத்தம்தான் வந்தது. ஏழு பானையும் அப்படியே கிடந்தன. மறுநாள் அந்த லைனில் சுட்ட இட்லியைத் தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டார்கள். நாய் மோந்து பார்த்துவிட்டு, கவ்விக்கொண்டு வந்து வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனது. அன்றைக்கு மத்தியானமே நாலைந்து பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மிரட்டவில்லை. "உடம்பப் பாத்துக்கங்க அண்ணாச்சி" என்றுதான் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்கள். அவர்கள் நின்ற நிலையைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது எழிலரசி மாத்திரை அட்டையைக் கேட்டாள். இரண்டு பள்ளம்தான் காலியாக இருந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னேனே அண்ணாச்சி?"

"முன்னாடிதாம்மா வெச்சேன்" என்றார் அவர், யோசித்துத் தயாரித்துக்கொண்டு வந்த பதில் என்பது முகத்தில் தெரிய. "தட்டுக்கு நேர் முன்னாடி. அரைமணி நேரம் வெச்சிருந்து, பொறவு எடுத்து உள்ள வெச்சிட்டேன்."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எழிலரசிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அவர் இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள் இருந்தன. காக்கிச் சட்டையின் பாக்கெட் அடியில், பஜ்ஜி அளவுக்கு, வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை.

"நோட்டைக் குடுங்க அண்ணாச்சி."

"அது எதுக்குத் தாயி?"

"குடுங்க."

அவர் கொடுத்தார். வாயால் பொய் சொல்லிவிட்டார், ஆனால் நேரத்தைப் பொய்யாக எழுத ஒரு டைம்கீப்பருக்குக் கை வராது. இறங்கியது என்கிற பத்தியில் இரண்டு மாதத்துக்கு எல்லாம் இருந்தது. செவ்வாய் 1.15, சோறு, நின்றது. புதன் 1.20, சோறு, தண்ணீர் விட்டுத் தள்ளியது. வியாழன் 5.30, பஜ்ஜி, பாக்கெட்டுக்கு. கடைசிப் பத்து நாளில் கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. எழிலரசி பக்கங்களை மறுபடி புரட்டினாள். ஐம்பத்தாறு வயது, ஆறு வருஷத்து எரிச்சல், இளைத்த உடம்பு, இறங்காத சோறு. இது மாத்திரை கொடுத்துப் பார்க்கிற கட்டம் இல்லை. வெறும் சுருக்கமாகவும் இருக்கலாம், சொல்லக் கூசுகிற வேறொன்றாகவும் இருக்கலாம். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்காமல் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

அவள் மறைக்காமல் சொன்னாள். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். "தெரியும்மா. அதான் சொல்லல. சொன்னா நீங்க கீழ அனுப்பிருவீங்க. கீழ போனா சரி பண்ணிருவாக. சரி பண்ணிட்டா நான் மறுபடி விசிலு ஊதுத ஆளுதானே?" என்றார். "பாலம்மா மக கலியாணம் ஒம்பது நாள்ல வருது. நானூறு பேரு. அது முடியட்டும் தாயி. ஒம்பதே நாளு."

ஒன்பது நாள்தானே என்று எழிலரசிக்கும் தோன்றாமல் இல்லை. புண்ணாகவே இருந்தாலும் ஒன்பது நாளில் ஒன்றும் இடிந்து விழாது. அதற்குப் பிறகு போனாலும் ஆஸ்பத்திரிக் கதவு திறந்துதான் இருக்கும். ஊரில் இப்போதுதான் அவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அந்த இட்லியும் உண்மையிலேயே நல்ல இட்லி. ஆனால் ஒன்பது நாளுக்குப் பிறகு காதுகுத்து வரும், அதற்குப் பிறகு கோயில் கொடை வரும், தூறல்மட்டத்தில் மாவு வேண்டாத நாள் என்று ஒன்று வரவே வராது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தன் ஆசையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் வார்டு மெம்பர் பாலம்மாள் வந்துவிட்டாள். அண்ணாச்சி மறுபடி சீட்டு வரிசையில் நின்றபோதே, அவரை டாக்டரம்மா கீழே அனுப்பப் போகிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கையில் மூன்றடுக்குத் தூக்கு, பின்னால் மாரியம்மன் லைன் பாதி. தூக்கைத் திறந்து மேஜைமேல் பரப்பினாள்; ஆவி பறக்கிற இட்லி, இரண்டு சட்னி, மிளகாய்ப் பொடி.

"சாப்புடுங்க டாக்டரம்மா, பொறவு பேசலாம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இந்த இட்லியத் தின்னுட்டுத்தான் சரின்னே சொன்னாங்க. பந்தியில கல்லு கல்லா வெச்சா எம்பொண்ணு மொகம் என்னாவறது? எரிச்சலுதானே, யாருக்கு இல்ல? ஒம்பது நாளு பொறுக்கக் கூடாதா?"

"பொங்கல் போடலாமே பாலம்மாக்கா?"

"பொங்கலுக்குச் சம்மதிச்சு ஒருத்தன் பொண்ணு எடுப்பானா?"

அண்ணாச்சியின் நோட்டில் இருப்பதை ஊருக்கு முன்னால் வாசிக்க எழிலரசிக்கு உரிமையில்லை. அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பாலம்மாள்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு இட்லியை இலைத்துண்டில் வைத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களும் எடுங்க அண்ணாச்சி. ஆறு வருசமா எல்லாருக்கும் பொங்க வெக்கிறீங்க, எங்கூட்டு இட்லி ஒண்ணு நீங்க தின்னு நான் பாத்ததில்ல."

ஆறு வருஷத்தில் அதை யாரும் யோசித்ததில்லை. புளிப்பு ஆகாது என்று அவர் இட்லியைத் தொட்டே வெகுகாலமாகிவிட்டது. "இப்ப வேண்டாம் பாலம்மா" என்றார். அவள் விடவில்லை. மறுக்கத் தெரியாத மனுஷன் கடைசியில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அது நடுநெஞ்சில் போய் நின்றது. அவர் எழுந்து நின்றார், ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார், எச்சில் வாயோரம் வழிந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. எழிலரசி அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக் குனியவைத்தாள். பஞ்சு போன்ற அந்த விள்ளல் போன வழியாகவே திரும்பி வந்தது. அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டை எடுத்து எழுதினார். பாலம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். '10.40. இட்லி. நின்றது.' பிறகு அதற்கு மேலே இருந்ததையும் வாசித்தாள். அவர் நோட்டை மூடவில்லை.

"பாக்கெட்டுக்கா?" என்றாள் பாலம்மாள். "நாங்க ஆசையாச் சுட்டுக் குடுத்ததெல்லாம் பாக்கெட்டுக்கா அண்ணாச்சி? சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ஆசையாக் குடுத்தீங்களே" என்றார் அவர்.

பாலம்மாள் இட்லிகளைத் திரும்பத் தூக்குக்குள் அடுக்கினாள். மூடியைப் போட்டு இறுக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வார்டு மெம்பர் குரலில் சொன்னாள்: "சீட்டு எழுதுங்க டாக்டரம்மா. நாளைக்குக் காலையில மொத வண்டி. பந்தியில கல்லு வெச்சா வெச்சுட்டுப் போறேன். யாராச்சும் கேக்கட்டும், நான் பேசிக்கறேன்."

மறுநாள் ஆறரை மணி வண்டியில் அவரும் பொன்னுத்தாயும் இறங்கிப் போனார்கள். அந்த வண்டிக்கு விசில் ஊத ஆளில்லாததால் ஹம்சாக்கா வாயில் விரலை வைத்து ஊதினார். அன்றிலிருந்து தூறல்மட்டத்தில் மாவு பழையபடி படுத்துக்கொண்டது, ஆனால் யாரும் மாவைப் பற்றிப் பேசவில்லை. மலையேறி வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி, பள்ளிவாசலில் ஒரு துவா, மாரியம்மனுக்கு ஒரு எலுமிச்சை மாலை என்று முறைப்பட்டியல் ஒழுங்குப்படியே நடந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புளிப்பு பட்டுப் பட்டுப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறது, அதை விரித்து விட்டாகிவிட்டது, சதைத் துணுக்கு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. அதற்கு மேலும் மூன்று நாள் எழிலரசிக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை. எழிலரசி போனை வைத்துவிட்டு ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஜெசிந்தா ஊசி போட வந்தவரை ஊசியோடு விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள், கால்மணியில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு முதல் பந்தி. இலையில் வைத்த இட்லி விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, எவனாவது வாயைத் திறக்கட்டும் என்று பந்தியின் தலைமாட்டில் நின்றாள். அப்போதுதான் மேலே ஏறி வந்த வண்டியிலிருந்து அண்ணாச்சி நேராகப் பந்தலுக்கு வந்தார். பெல்ட்டில் ஒரு ஓட்டை முன்னேறியிருந்தார். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் உட்பட, எதற்கென்று தெரியாமலேயே. பாலம்மாள் அவரை முதல் இலையில் உட்காரவைத்தாள். "இட்லி கல்லாட்டம் இருக்கு அண்ணாச்சி. உங்களுக்குக் கஞ்சி தனியா வெச்சிருக்கேன்."

"இட்லியே வை தாயி" என்றார்.

எழிலரசி எதிர் இலையில் தன் இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு விள்ளலைச் சிரமப்பட்டுப் பிய்த்து, சாம்பாரில் நன்றாக ஊறவிட்டு, வாயில் போட்டு மென்றார். பந்தி முழுவதும் அவர் தொண்டையைப் பார்த்தது. விழுங்கினார். காத்திருந்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்து, செக்போஸ்ட்டுக்கு நேராக, வண்டி போகிறதா என்று கேட்பதைப் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு அடுத்த விள்ளல் எடுத்தார். அதற்கடுத்தது எடுத்தார். இலை காலியானதும் நிமிர்ந்து, "என்ன ருசி, என்ன ருசி! இன்னும் ரெண்டு போடு" என்றார், அந்தக் கல் இட்லியை. பாலம்மாள் ஓவென்று அழுதுகொண்டே நாலு வைத்தாள்.

தின்றுகொண்டே அவர் டைம்கீப்பர் ஆகிவிட்டார். "கீழ வெயிலு கொளுத்துதுல்லா பாலம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தி மாவு விக்கா, மத்தியானம் அரைச்சது சாயங்காலமே பொங்கிட்டு வழியுது. நம்ம பானையப் பூரா சாயங்காலம் அஞ்சேகால் வண்டியில ஏத்திக் கீழ அனுப்பு. டெப்போவுல நம்ம பயலுவ இருக்கானுவ, பாத்துக்கிடுவானுவ. காலையில மொத வண்டியில பொங்கி மேல வந்திரும். எந்தத் தெருப் பானை எந்த வண்டின்னு நான் போர்டுல எழுதிப் போடுதேன்." அதற்குமேல் யாருக்கும் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் பானைக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார், அவரைப் பாலம்மாள் ஒரு பார்வை பார்த்தாள்.

ஆறாவது இட்லி முடிந்ததும் அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்தார். பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து எழிலரசியிடம் காட்டினார். "ஏழரைக்கே போட்டாச்சு தாயி, வாயில" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டை எடுத்தார், எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நானூறு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டு பார்த்திருக்க, இரண்டு மாதமாக நின்றது நின்றது என்று வந்த பத்தியின் அடியில், அவர் கொட்டை எழுத்தில் எழுதினார்.

8.20. இட்லி. இறங்கியது.